மீன்காரி வைஜெயந்தியின் இடுப்பு

"நீ பேரு போடாம எழுதுனேன்னு வச்சுக்கோ, அன்னக்கூடைய அப்பிடியே உன் தலையில கவுத்துடுவேன்" என்று சொல்லித்தான் இதை எழுத வைஜெயந்தி எனக்கு அனுமதி கொடுத்தாள். அதனால் போட்டுவிட்டேன். வைஜெயந்தி, வயது ஐம்பத்து நான்கு, ஊர் பனித்திட்டு, தொழில் மீன் விற்பது. அவளுடைய இடுப்பைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். முகம் சுளிக்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

என் பெயர் கல்பனா. அபிஷேகப்பாக்கத்தில் நெல் பயிர் வைக்கிற குடும்பம். ஒரு மருத்துவக் கல்லூரியின் தோல் நோய் ஆய்வில் மூன்று வருடமாகக் களப்பணியாளராக இருக்கிறேன். பாகூர் பக்கத்தில் வெயிலிலும் உப்பிலும் சேற்றிலும் உழைக்கிறவர்களுக்கு என்னென்ன தோல் ஒவ்வாமை வருகிறது, அதில் எது ஆறாமல் நின்று புற்றாக மாறுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் ஆய்வு. வீடு வீடாகப் போய் நாற்பத்தாறு கேள்வி கேட்பேன். முகம், கழுத்து, கை, முழங்காலுக்குக் கீழே கால், இவற்றை மட்டும் பார்த்து எழுதிக்கொள்வேன். துணி மூடிய இடங்களைப் பற்றிக் கேட்கக்கூடாது. கேட்டால் கிராமத்துப் பெண்கள் சங்கடப்படுவார்கள், கதவைச் சாத்திக்கொள்வார்கள் என்று ஆய்வு தொடங்கும் முன்பே பெரியவர்கள் உட்கார்ந்து முடிவு செய்திருந்தார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தியையாவது கேட்டார்களா? கேட்கவில்லை. எனக்கும் அந்த முடிவு சரியாகத்தான் பட்டது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வைஜெயந்தியை எனக்கு அதற்கு முன்பே தெரியும். காலையில் கிருமாம்பாக்கத்தில் கடலூர் ரோட்டோரம் மீன் விற்றுவிட்டு, மிச்சத்தைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் ஊர்த் தெருக்களுக்கு வருவாள். முதலில் குரல் வரும், ஆள் அப்புறம்தான் வரும். ஒருமுறை பஸ்ஸில் கண்டக்டர், நாற்றம் தாங்கவில்லை என்று அவளை நடுவழியில் இறங்கச் சொன்னார். இறங்கினாள். இறங்கி நேராக பஸ்ஸுக்கு முன்னால் போய் ரோட்டில் கூடையை வைத்து, பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "ஞாயித்துக்கெழம உன் வூட்டுக் கொழம்புல கொதிக்கிறது இன்னா, மல்லிப்பூவா?" பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துத் தள்ளின. கால் மணி நேரம் கழித்து அந்தக் கண்டக்டரே கூடையைத் தூக்கி பஸ்ஸில் வைத்தார். அன்று அந்த பஸ்ஸில் நானும் இருந்தேன். கல்லூரிக்கு நேரமாகிறது என்று அவளைத் திட்டியவர்களில் நானும் ஒருத்தி.

இரண்டு வருடம் முன்பு ஆடி மாதத்தில் படிவத்தோடு பனித்திட்டில் அவள் வீட்டுக்குப் போனேன். மீன் செதில் பட்டால் அரிக்கிறதா, ஐஸ் பெட்டியில் கை வைத்தால் வெடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். "அரிச்சா சொறிஞ்சுக்குவேன், இதுக்குக் கூடவா கவர்மெண்டு பேப்பர்?" என்று சிரித்தபடியே பதில் சொன்னாள். கையைப் பார்த்தேன், காலைப் பார்த்தேன், கெளுத்தி முள் குத்திய வடுக்களைக் குறித்துக்கொண்டேன். படிவத்தை மடித்து எழுந்தபோது அவள் சிரிக்கவில்லை.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாங்க்கா."

"இடுப்பப் பாக்கல?"

"யக்கா, அது எங்க லிஸ்ட்லயே இல்ல."

"உன் லிஸ்ட்ல இல்லாட்டி என் ஒடம்புலயும் இல்லாமப் பூடுமா?" என்றவள், எழுந்து கதவைத் தாழ் போட்டாள். என் முன்னால் நின்று, முந்தானையை உதறிவிட்டு, உள்பாவாடை நாடாவை அவிழ்த்தாள்.

இடுப்பைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம். ஒட்டடை படிந்த மாதிரி தடித்துக் கறுத்திருந்தது. வலது பக்கம், முடிச்சு உட்காருகிற இடத்தில், தோல் வெளுத்து, அதன் நடுவே ஒரு புண். ஓரமெல்லாம் மேடு தட்டி, நடுவில் ஈரம். நான் மூக்கைப் பொத்தவில்லை என்று சொன்னால் பொய். அவள் அதைக் கவனித்தாள். "மீன்காரிக்கு இதுல ஒரு சவுரியம்டி. மீனு நாத்தத்துல இந்த நாத்தம் எவனுக்கும் தெரியாது" என்றாள்.

மீன் விற்கிற பெண்கள் நாடாவை எப்படிக் கட்டுவார்கள் என்பதைச் சொன்னால்தான் இது புரியும். தலையில் நிறைந்த கூடை, இரண்டு கையும் அதன் விளிம்பில். நடுத்தெருவில் புடவை நழுவினால் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. அதனால் விடியும் முன்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு நாடாவை இறுக்குவார்கள். புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகுவார்கள். அதே நாடாவில் சுருக்குப் பையையும் சொருகுவார்கள். கரையில் மீன் எடுக்கும்போது உப்புத் தண்ணீர், அப்புறம் வெயில், அப்புறம் வேர்வை, எல்லாம் அந்த ஒரு விரல் அகலக் கயிற்றில் ஊறும். தளர்த்திக் கட்டுகிறவளைச் சோம்பேறி என்று கேலி செய்வார்கள். வைஜெயந்தியே பல பேரைக் கேலி செய்திருக்கிறாள்.

இரண்டு வருடமாக அந்தப் புண்ணோடு அவள் போட்ட சண்டைக்கு அளவே இல்லை. கடல் தண்ணீர் பட்டால் ஆறும் என்று ஊற்றினாள். மஞ்சள் அரைத்துப் பூசினாள். மருந்துக்கடையில் "இடுப்புல அரிப்பு" என்று சொல்லி டியூப் வாங்கி, தீரத் தீர வாங்கிப் போட்டாள். கடைசியில் செய்ததுதான் உச்சம். நாடா உரசுகிறது என்று நான்காக மடித்த பழந்துணியைப் புண்மேல் வைத்து, அது நகரக் கூடாது என்று முன்பைவிட இறுக்கிக் கட்டினாள். அதே இடத்தில். தினமும்.

எங்கள் ஆய்வுக் குழுவின் டாக்டர் அரிகரனிடம் சொன்னேன். நல்ல மனிதர், அதட்டிப் பேசத் தெரியாதவர். ஆனால் விதி என்றால் விதி. "கல்பனா, நமக்கு அனுமதியே வெளியில தெரியற இடங்களுக்கு மட்டும்தான். அவங்கள ஓ.பி.க்குப் போகச் சொல்லுங்க" என்றார். போனாள். ஒரு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு ஓர் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றாள். அங்கே இருந்தவர் புடவையை விலக்கச் சொல்லக் கூச்சப்பட்டு, படை என்று அவராகவே முடிவு செய்து, இன்னொரு களிம்பு எழுதிக் கொடுத்தார். அவருக்கும் மரியாதை! இந்த மரியாதையைக் கட்டிக்கொண்டு அழவா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நான் அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. அடுத்த தெருவுக்குப் படிவம் எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

சண்டையை அவளேதான் போட்டாள்.

புரட்டாசியில் கிருமாம்பாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் எங்கள் ஒவ்வாமைப் பரிசோதனை முகாம் நடந்தது. சாயம், ரப்பர், உலோகம் என்று பல பொருள்களைச் சின்னச் சின்ன ஒட்டுகளாக முதுகில் ஒட்டி, எது தோலுக்கு ஆகவில்லை என்று இரண்டு நாள் கழித்துப் பார்ப்பது. நாற்பது பேர் வரிசையில் இருந்தார்கள். வைஜெயந்தி வரிசையில் நிற்கவில்லை. டாக்டர் எதிரில் இருந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, டோக்கன் வாங்கினீங்களா?"

"டோக்கன் கெடக்கட்டும். இடுப்பப் பாரு டாக்டரே."

"அம்மா, இந்த முகாம்ல அது..."

"முதுவுல ஒட்டறதுக்கு ரவிக்கைய அவுக்கச் சொல்றீங்க இல்ல? ரெண்டு சாண் கீழ பாக்கறதுக்கு இன்னா கேடு?"

டாக்டர் அரிகரனுக்குக் காது சிவந்துவிட்டது. அனுமதி, ஆய்வுக் குழு, விதிமுறை என்று மெதுவாக விளக்க ஆரம்பித்தார். அவள் கடைசிவரை கேட்டாள். கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டாள்.

"இடுப்பு யாருது?"

"உங்களோடதுதாம்மா."

"அப்ப நான் குடுக்கறேன் அனுமதி. எழுதிக்கோ. நீ பாக்கற வரைக்கும் இந்த நாற்காலிதான் என் வூடு. எவன் வந்து எழுப்பறான்னு பாக்கறேன்."

வரிசையில் இருந்த ஆண்கள் முனகினார்கள். ஒருவர் "பொம்பளைக்கு வெக்கம் வேணா?" என்றார். "வெக்கப்பட்டு செத்தா நீ வந்து கொள்ளி வைப்பியா?" என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் வந்தது. வரிசையில் இருந்த நான்கு பெண்கள் எழுந்து வந்து, மண்டபத்தின் மேடைத் திரையை இழுத்து நாற்காலியைச் சுற்றிப் பிடித்தார்கள். நர்ஸும் டாக்டரும் உள்ளே போனார்கள். நான் டார்ச் பிடித்தேன். புண்ணைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறியது. கேள்வி கேட்கிற குரலும் மாறியது. மறுநாள் காலையிலேயே கல்லூரிக்கு வரச் சொன்னார். அங்கே மரத்துப்போக ஊசி போட்டு, புண்ணின் ஓரத்திலிருந்து ஒரு துண்டு எடுத்து அனுப்பினார்கள்.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. தோல் புற்று. ஆரம்ப நிலை, நெறி கட்டவில்லை, முழுதாக அறுத்து எடுத்துவிடலாம்.

வைஜெயந்தி அழுதாள். வீம்புக்காரி அழமாட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூக்கைச் சிந்திச் சிந்தி, ஆஸ்பத்திரி நடைபாதையே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள். "செத்துடுவனா டாக்டரே? ஒளிக்காம சொல்லு" என்றாள். மாட்டீர்கள் என்று சொல்லிவிட்டு அவர் அவள் பக்கத்தில் பெஞ்சிலேயே உட்கார்ந்து விளக்கினார். கயிறு தினமும் ஒரே இடத்தில் உரசினால் தோல் கிழியும். உடம்பு செல்களை அனுப்பி அதைச் சரி செய்யும். மறுநாள் மறுபடி கிழியும். வருடக்கணக்கில் இப்படிக் கிழிந்து கிழிந்து ஒட்டும்போது ஏதோ ஒரு செல் தறிகெட்டுப் போகலாம். சாதாரணமாக உடம்பின் எதிர்ப்பு சக்தி அதைக் கண்டுபிடித்துக் கொன்றுவிடும். ஆனால் அவள் போட்ட டியூபில் இருந்தது ஸ்டீராய்டு. அது அரிப்பை அடக்கும், கூடவே அந்தக் காவலையும் அந்த இடத்தில் அடக்கிவிடும்.

"அப்பிடின்னா, திருடன் வர்ற வழியில இருந்த நாய்க்கு நானே மயக்க மருந்து போட்டேனா?"

"கிட்டத்தட்ட அப்படித்தாம்மா."

"நாடா கட்டற எல்லாருக்கும் இது வருமா?"

"இல்லம்மா, ரொம்ப அபூர்வம். கறுப்பு விழுந்தவங்க நிறைய பேர் இருப்பாங்க, அதுல பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா ஆறாத புண்ணு இருந்தா யாராவது பாத்தே ஆகணும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "யாரு பாப்பா? நீங்கதான் கேக்கவே மாட்டேன்றீங்களே" என்றாள்.

ஐப்பசியில் அறுவை நடந்தது. புண்ணை அறுத்து எடுத்துவிட்டு, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். பொங்கல் கழிந்து திரும்பவும் கூடையைத் தூக்கினாள். இனி நைட்டி போட்டுக்கொள் என்று மகன் சுபாஷ் சொன்னதற்கு, "புடவை இன்னா பாவம் பண்ணுச்சு, கயிறுதான பண்ணுச்சு" என்று சொல்லி, உள்பாவாடையில் நாடாவைப் பிடுங்கிவிட்டு நான்கு விரல் அகலத்துக்குப் பட்டி வைத்துத் தைத்து, கொக்கி போட்டுக்கொண்டாள்.

டாக்டர் அவள் கதையை மருத்துவ இதழில் எழுத விரும்பினார். இடுப்பின் படம் வரும், முகமும் பெயரும் வராது என்றார். இத்தனை வயதுப் பெண் என்று மட்டும் இருக்குமாம்.

"ஏன்? திருடுனவன் பேரத்தான மறைப்பாங்க. நான் இன்னா பண்ணேன்?"

"உங்க பாதுகாப்புக்குத்தாம்மா. அது விதி."

"சரி, உன் பொஸ்தகத்துல போடாத. நான் தெருவுல போட்டுக்கறேன்."

போட்டாள். மறுநாளிலிருந்து எங்கள் ஊர்த் தெருக்களில் மீன் வாங்குவதற்குப் புதுச் சட்டம் வந்தது. "சங்கரா இருக்கு, கானாங்கத்த இருக்கு, துடிக்கத் துடிக்க இருக்கு. மொதல்ல உள்ள வந்து இடுப்பக் காட்டு, அப்பறம் மீனக் காட்டறேன்" என்றாள். அவள் கூடையை வாசலில் இறக்கிவிட்டு, வீட்டுக்குள் போய், கதவைச் சாத்தி, முதலில் தன் இடுப்பைக் காட்டுவாள். பள்ளமும் ஒட்டுத் தோலுமாக இருக்கும் அதைப் பார்த்த பிறகு யாருக்கும் மறுக்க வாய் வராது. சிலர் அவளுக்குப் பைத்தியம் என்றார்கள். ஒரு தெருவில் மொத்தமாக அவளிடம் மீன் வாங்குவதையே நிறுத்தினார்கள். அந்தத் தெருவுக்கும் விடாமல் போய்க் கத்திவிட்டு வந்தாள். சுபாஷ், "ஊருக்குள்ள தல காட்ட முடியலம்மா" என்று கொதித்தான். "நீ தலயக் காட்ட வேணாம்டா, நானே இடுப்பக் காட்டிக்கறேன். உனக்கு இன்னா நோவுது?" என்றாள்.

ஆறு மாதத்தில் ஆறாத புண்ணோடு பதினோரு பெண்களைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மீன் விற்கிறவர்கள், நடவு நடுகிறவர்கள், கரும்புக்குத் தோகை உரிக்கிறவர்கள். யாருக்கும் புற்று இல்லை, எல்லாருக்கும் சிகிச்சை தேவைப்பட்டது. டாக்டர் அரிகரன் அந்தப் பதினோரு பேரையும் காட்டி, ஆய்வுக் குழுவோடு மல்லுக்கட்டி, படிவத்தில் இடுப்பைச் சேர்க்க அனுமதி வாங்கினார். அவருக்கும் சண்டை போட வந்துவிட்டது. நாற்பத்தேழாவது கேள்வியோடு நான் மறுபடி வீடு வீடாகக் கிளம்பினேன். கிருமாம்பாக்கம், பாகூர், அங்கே கரியமாணிக்கம் வரை போனேன். கூச்சப்படாமல் கேட்கக் கற்றுக்கொண்டேன். முந்நூறு இடுப்புக்கு மேல் பார்த்துவிட்டேன் என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லித் திரிந்தேன்.

போன மாதம் அதே மண்டபத்தில் முகாம். பத்து மணி இருக்கும். வாசலில் வைஜெயந்தியின் குரல் கேட்டது. ஒரு பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அந்தப் பெண் வெளியூருக்குக் கட்டுகிற புடவை கட்டி, தலை குனிந்து வந்தாள். வைஜெயந்தி அவளை என் எதிர் நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"எழுதிக்கோடி. பேரு கனகாம்பாள். ஊரு அபிஷேகப்பாக்கம்."

என் அம்மா.

எங்கள் வயலில் நடவென்றால் முதல் ஆளாகச் சேற்றில் இறங்குகிறவள் என் அம்மா. புடவையை ஏற்றிச் செருகி, நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, குனிந்தால் மதியம்தான் நிமிருவாள். இதை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. புதுச் சட்டம் வந்ததிலிருந்து அம்மா வைஜெயந்தியிடம் மீன் வாங்காமலே ஒதுங்கியிருந்திருக்கிறாள். அன்று காலை மீன் வாங்கக் கூப்பிட்டபோது வைஜெயந்தி சட்டம் பேசியிருக்கிறாள், அம்மா மறுத்திருக்கிறாள், வைஜெயந்தி கூடையைத் தூக்காமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் அம்மா காட்டியிருக்கிறாள்.

படிப்பவர்கள் பதற வேண்டாம், முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு இருந்தது புற்றாக மாறுவதற்கு முந்தைய நிலை. இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் கதை வேறு என்றார் டாக்டர். அறுத்து எடுத்தாகிவிட்டது, இப்போது நன்றாக இருக்கிறாள். ஆனால் அன்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியாது.

பேனாவைப் பிடித்திருந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் படிவத்தில் இருந்த கேள்வியையே கேட்டேன்.

"எத்தினி நாளா இருக்கும்மா?"

அம்மா முந்தானையை முறுக்கினாள். "நீ இந்த வேலைக்கு சேந்தியே, அப்பலருந்து."

"மூணு வருசமா? எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீ ஊரெல்லாம் போய் கேட்டுகினு வந்த. என்னைய நீ கேக்கவே இல்லியே."

டாக்டர் திரைக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டார். அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போக நான் எழுந்தேன். அம்மா என் கையை விலக்கினாள். கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான் விலக்கினாள். "நீ வேணாம், வெளிய இரு. வைஜெயந்தி நிக்கட்டும்" என்றாள்.

இருவரும் உள்ளே போனார்கள். மூன்று வருடம், முந்நூறு இடுப்பு, நாற்பத்தேழு கேள்வி, எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு திரைக்கு வெளியே நின்றேன். அழுகையை அடக்க முடியவில்லை. வைஜெயந்திக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. உள்ளேயிருந்து அவள் சொன்னது மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

"லைட்டக் கிட்டக் கொண்டா டாக்டரே. நல்லாப் பாரு. பெத்த பொண்ணே பாக்காத எடம் இது."